சம்பந்திகள் மிதிக்காத மண்

தொமித்தில்லாவுக்கு அவள் நாட்டைவிட மூன்று வயது அதிகம். அவள் தவழ்ந்து, நடந்து, முதல் முறையாக விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட பிறகுதான் பாப்பரசரும் இத்தாலி அரசரின் ஆட்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். 1929இல் வத்திக்கான் என்று ஒரு தேசம் பிறந்தது. நாற்பத்து நாலு ஹெக்டேர். அதிலும் பாதி தோட்டம். காலை ஏழரைக்கு அவள் புனித அன்னாள் வாசலைத் தாண்டி வெளிநாடு போவாள். போர்கோ பியோ தெருவில் ஜெபமாலைக் கடையில் வேலை பார்ப்பாள். மதியம் சாப்பாட்டுக்குத் தாய்நாடு திரும்புவாள். மழை வந்தால் குடை எடுக்கக்கூட மாட்டாள். வெளிநாடு அவ்வளவு பக்கம்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலை இருப்பவனுக்கும், அவனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும்தான் குடியுரிமை. பெண் பிள்ளை என்றைக்குத் தாலி... இல்லை, மோதிரம் மாற்றிக்கொள்கிறாளோ அன்றைக்கே அவள் அந்நியப் பிரஜை. பெற்ற வீடு போவது எல்லா ஊரிலும் பெண்ணுக்கு உள்ளதுதான். தில்லாவுக்குப் பெற்ற தேசமும் சேர்ந்து போகும்.

"அதுக்காக ஒருத்தி கல்யாணம் பண்ணாம இருப்பாளாடீ?" என்று அம்மா பல்மீரா ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தில்லாவைத் தடுத்தது சட்டம் அல்ல. இரண்டு கிழவர்கள்.

முதலாமவர் அவளுடைய அப்பா எவாரிஸ்தோ. அரண்மனையின் மேசை நாற்காலி, கம்பளம், திரைச்சீலை எல்லாவற்றையும் காக்கும் கிடங்கில் வேலை. அவருடைய தாத்தா பாப்பரசரின் பீரங்கிப் படையில் இருந்தவர். 1870இல் இத்தாலியப் படை மதிலை உடைத்துக்கொண்டு ரோமாபுரிக்குள் நுழைந்தது. பாப்பரசர் அரண்மனைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 'அவர் வெளியே வராதவரை நானும் வரமாட்டேன்' என்று தாத்தா சத்தியம் செய்தார். ஒப்பந்தம் வந்தபின் பாப்பரசர்களே வெளியே வந்துபோனார்கள். எவாரிஸ்தோ வரவில்லை. "வெளிநாட்டுல எனக்கென்ன வேலை?" என்பார். கோடைதோறும் பாப்பரசர் மலைமேல் இருக்கும் தம் அரண்மனைக்குப் போகும்போது இவரும் கம்பளங்களோடு லாரியில் போவார். அந்த அரண்மனையும் பாப்பரசருடையது. ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டிலும் இத்தாலியின் தூசுகூடக் காலில் ஒட்டாது. ஒரு முறை கடைவாய்ப்பல் வீங்கியபோது பல் மருத்துவர்தான் குறடும் பெட்டியுமாக எல்லை தாண்டி வந்தார்.

இரண்டாமவர் அல்சீதே. போர்கோ பியோவில் மதுக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர். அவருடைய தாத்தா, அதே 1870இல் அதே மதில் ஓட்டை வழியாக இத்தாலியச் சிப்பாயாய்த் தொப்பியில் இறகு பறக்க உள்ளே ஓடிவந்தவர். 'முதல் ஆள் அவர்தான்' என்பது அந்தக் குடும்பத்தின் விசுவாசப் பிரமாணம். போர்கோ முழுக்க விசாரித்தால் முதல் ஆளின் பேரன்கள் முப்பது பேராவது கிடைப்பார்கள். அது வேறு கதை. கடையில் குடிக்க வருபவர்களில் பாதிப்பேர் அங்கி போட்ட பாதிரியார்கள். அவர்களிடம் நன்றாகத்தான் பேசுவார். ஆனால் புனித பேதுரு சதுக்கத்தின் வாசலில் எல்லைக்கோடாகத் தரையோடு பதித்திருக்கும் வெள்ளைக் கல் வரிசையைத் தாண்ட மாட்டார். "எங்க தாத்தா மதிலை உடைச்சுட்டு வந்தாரு. நான் வாசல்ல நின்னு, ஐயா உள்ள வரலாமான்னு கேக்கணுமா?" தன் ஒரே மகனுக்கு எந்தப் புனிதர் பெயரும் வைக்கவில்லை. லிபெரோ என்று வைத்தார். சுதந்திரன்.

சுதந்திரன் பேருந்து ஓட்டினான். சதுக்கத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே நாளெல்லாம் போய்வருவான். தில்லாவைப் பார்த்தால் மணியை இரண்டு தரம் அடிப்பான். ஏழு வருஷம் அடித்தான். மணி தேய்ந்திருக்கும்.

அந்த வருஷம் தவக்காலத்தில் அவன் கடைக்கே வந்துவிட்டான்.

"தில்லா, எனக்கு முப்பத்திரெண்டாச்சு. பேருந்துல ஏறுற பாட்டிங்கள்லாம் 'இன்னுமாப்பா?'ன்னு கேக்குறாங்க. எங்கேயாவது ஒரு கோவில்ல முடிச்சுடுவோம்."

"எங்கேன்னு சொல்லு. உன் நாட்டுலன்னா எங்கப்பா வரமாட்டாரு. என் நாட்டுலன்னா உங்கப்பா வரமாட்டாரு."

"ரெண்டு பேரும் வராட்டி என்ன?"

"என் கல்யாணத்துல எங்கப்பா இல்லாம நான் எப்படிடா நடந்து போவேன்? கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாரு, அந்த வாசல் காவல்காரனா?"

லிபெரோ ஜெபமாலை ஒன்றை எடுத்து உருட்டினான். "சரி. ரெண்டு பேரையும் ஒரு தடவை உக்கார வெச்சுப் பேசுவோம்."

"எங்கே உக்கார வெப்ப?"

அதுதான் கேள்வி. கடைசியில் அந்தக் கல் வரிசையின் மேலேயே உட்காரவைத்தார்கள். ஒரு ஞாயிறு பிற்பகல். எவாரிஸ்தோ கிடங்கிலிருந்து சிவப்புப் பட்டு போட்ட நாற்காலியோடு வந்து சதுக்கத்துக்குள் அமர்ந்தார். அல்சீதே கடையிலிருந்து வைக்கோல் பின்னிய முக்காலியைக் கொண்டுவந்து ஒரு சாண் தள்ளி, இத்தாலியில் அமர்ந்தார். இருவர் முழங்காலும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு தேசத்தின் எல்லை. பல்மீரா தட்டில் பொரித்த அரிசி உருண்டைகள் வைத்திருந்தாள். தட்டு எந்த நாட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

"பொண்ணு தங்கம்," என்று ஆரம்பித்தார் அல்சீதே. "அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. பொண்ணைப் பெத்த இடம்தான்..."

"இடத்துக்கு என்ன?" என்றார் எவாரிஸ்தோ. "ஆயிரம் வருஷமா பாதி இத்தாலியை ஆண்ட இடம்யா அது. நீங்க திருடுன மிச்சம்தான் இது."

"திருடலை. சண்டை போட்டு வாங்கினோம். உங்க தாத்தா பீரங்கி வெச்சிருந்தாரே, அது என்னாச்சு? முட்டைகோஸ் தோட்டத்தைச் சுட்டுதாமே?"

"சுடாதேன்னு திருத்தந்தை சொன்னாரு. அதனாலதான் உங்க தாத்தா உசிரோட இருந்து கல்யாணம் கட்டி, பிள்ளை பெத்து, அது உன்னையும் பெத்துது. இன்னிக்கு நீ இந்த முக்காலியில உக்காந்திருக்கிறது எங்க தாத்தா போட்ட பிச்சை!"

"பிச்சையா?" அல்சீதே எழுந்தார். உருண்டை ஒன்று தரையில் உருண்டு தாய்நாட்டுக்குள் போயிற்று.

அந்த நேரம் பார்த்து இத்தாலியப் போலீஸ்காரர் ஒருவர் வந்து எவாரிஸ்தோவின் முன் நின்றார். "ஐயா, இங்க நாற்காலி போடக்கூடாது. எடுங்க."

எவாரிஸ்தோ மெல்லச் சாய்ந்து கால்மேல் கால் போட்டார். இந்தத் தருணத்துக்காகவே வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர்போல. "தம்பி, நீங்க எந்த மண்ணுல நிக்கிறீங்க தெரியுமா? இது அயல்நாடு. உங்க உத்தரவு இங்க செல்லாது."

போலீஸ்காரருக்குக் கோபமே வரவில்லை. பலரிடம் பல தடவை சொன்ன பாடத்தை ஒப்பித்தார்: "மண்ணு பாப்பரசரோடது, ஐயா. மறுக்கல. ஆனா ஒப்பந்தப்படி சதுக்கத்துல காவல் எங்களோடது. கோவில் படிக்கட்டு வரைக்கும். நாற்காலியை எடுங்க."

அல்சீதே சிரித்த சிரிப்பில் சதுக்கத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்காலியோடு சாய்ந்தார். "நாடு பொறந்து இருபத்தாறு வருஷமா இத்தாலி வேண்டாம் வேண்டாம்னு... ஐயோ... இத்தாலிப் போலீஸு காவல்ல நடந்திருக்கான்யா மனுசன்!"

எவாரிஸ்தோவின் முகம் நாற்காலிப் பட்டின் நிறத்துக்கு வந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பல்மீரா தட்டோடு பின்னால் ஓடினாள். சம்பந்தம் முறிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தில்லா மட்டும் கல் வரிசைமேல் நின்றபடி போலீஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றார் அவர் சங்கடத்தோடு.

"ஒண்ணுமில்ல. மண்ணு ஒருத்தருது, அதிகாரம் இன்னொருத்தருதுன்னு சொன்னீங்கல்ல. அதைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு இடம் இருக்கு."

ரோமாபுரியில் அப்படிச் சில கோவில்கள் உண்டு. நிலம் இத்தாலிக்குள் இருக்கும். கட்டடம் பாப்பரசருடையது, அவர் அனுமதி இல்லாமல் இத்தாலிப் போலீஸ் உள்ளே கால் வைக்க முடியாது. எஸ்குவிலினோ குன்றின்மேல் இருக்கும் பெரிய மாதா கோவில் அதில் ஒன்று. அன்று மாலையே தில்லா தூது போனாள்.

அல்சீதேயிடம் சொன்னாள்: "மாமா, அந்தக் கோவில் நிக்கிறது இத்தாலி மண்ணுல. உங்க தாத்தா பிடிச்ச மண்ணு. வாசல்ல யாரையும் கேக்க வேண்டாம். தெருவுலேர்ந்து நேரா உள்ள போகலாம்."

"மண்ணு எங்களோடதுதானே? எழுத்துல இருக்கா?"

"ஒப்பந்தத்துலயே இருக்கு."

"அப்ப சரி."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள்: "அப்பா, அந்தக் கோவில் நம்மோடது. உள்ள இத்தாலிப் போலீஸ் வர முடியாது. நாற்காலி போட்டாக்கூட எவனும் எடுக்கச் சொல்ல முடியாது."

எவாரிஸ்தோ வெகுநேரம் சூப்பையே கலக்கிக்கொண்டிருந்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. "உள்ள சரி. போற வழி?"

"நம்ம கொட்டகையிலேர்ந்து ஒரு நாளைக்குக் கார் கேக்கலாம். நம்ம நாட்டு எண்பலகை போட்ட கார். மலை அரண்மனைக்குப் போற மாதிரிதான்."

"கார்லேர்ந்து கோவில் கதவு வரைக்கும்?"

தில்லாவுக்கு அப்பாவைத் தெரியும். "கிடங்குல ஒரு கம்பளம் எடுத்துட்டு வாங்க. விரிச்சுக்கலாம். கம்பளம் யாரோடது?"

"திருத்தந்தையோடது," என்றார் எவாரிஸ்தோ. முகம் மலர்ந்தது. "நீலப் பூப்போட்டது ஒண்ணு இருக்கு. பன்னெண்டு முழம்."

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கறுப்பு நிறப் பழைய கார் ஒன்று புனித அன்னாள் வாசலைக் கடந்தது. பின்னால் தில்லா வெள்ளையில், பக்கத்தில் எவாரிஸ்தோ கறுப்பில், முன்னால் ஓட்டுநர். பல்மீரா லிபெரோவின் பேருந்திலேயே முன்கூட்டிப் போய்விட்டாள். கம்பளம் சுருட்டிப் பின்பெட்டியில் இருந்தது. கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது எவாரிஸ்தோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சன்னல் வழியாக இத்தாலியைக் கொஞ்சம் பார்த்தார்.

"நிறையக் கட்டியிருக்கானுங்க," என்றார்.

அவருடைய கை தில்லாவின் கைமேல் இருந்தது. ஆமென் சொல்லிவிட்டால் இவள் வேறு தேசம் என்று அவர் நினைக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் கட்டடங்களைப் பற்றிப் பேசினார்கள்.

பனிஸ்பெர்னா தெருவில் ஏற்றம் செங்குத்து. பாதி ஏறியதும் கார் இருமியது. மறுபடி இருமியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு நின்றே போனது. ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை வந்தது.

தெருவுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? காய்கறிக்காரி வந்தாள். முடிவெட்டிக்கொண்டிருந்தவன் பாதித் தலையோடு வந்தான். காரின் எண்பலகையில் இருந்த மூன்று எழுத்துக்கள் 'வத்திக்கான் நகர அரசு' என்பதன் சுருக்கம். ரோமாபுரிக்காரர்கள் அதை 'கிறிஸ்து மட்டும் பார்த்தா!' என்று விரிப்பார்கள்.

"'கிறிஸ்து மட்டும் பார்த்தா!' வண்டி நின்னுடுச்சே," என்றான் பாதித்தலையன். "என்ன சாமி, பெட்ரோலுக்குப் பதிலா தீர்த்தம் ஊத்திட்டீங்களா?"

"வெளிய வாங்க ஐயா, உள்ள வெந்துடுவீங்க," என்றாள் காய்கறிக்காரி.

"நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார் எவாரிஸ்தோ, ஏற்றிய கண்ணாடிக்குள்ளிருந்து. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

அப்போது பின்னால் படபடவென்று ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய மதுப் பீப்பாய். நடுவில், கோட்டில் பூ குத்திக்கொண்டு அல்சீதே. விருந்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போகிற வழி. காரைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், கண்ணாடிக்குள் சம்பந்தியைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஈஸ்டர் விடிந்தது.

"அடடா! அயல்நாட்டு வண்டி! எங்க தேசத்துல நின்னுபோச்சா?" கண்ணாடியைத் தட்டினார். "சம்பந்தி! என் வண்டியில ஏறுங்க. பீப்பாய்க்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. ரெண்டே எட்டு."

"அந்த ரெண்டு எட்டும் எங்க வைக்கிறது?"

"அதான் கம்பளம் கொண்டாந்திருக்கீங்களாமே! இங்கேர்ந்து கோவில் வரைக்கும் விரியும். கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும், அவ்வளவுதான்!"

தெரு மொத்தமும் சிரித்தது. எவாரிஸ்தோ நேரே முன்னால் பார்த்துக்கொண்டு சிலைபோல் உட்கார்ந்திருந்தார். மேலே குன்றில் மணி அடிக்கத் தொடங்கியது.

தில்லா கதவைத் திறந்தாள். காலணிகளைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். பாவாடையை இரண்டு கையாலும் அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"எங்கடீ போற?"

"நீங்க உக்காருங்கப்பா. நாட்டை விட்டு இறங்க வேண்டாம். நான் நாட்டைத் தள்ளிட்டு வரேன்."

பின்னால் போய்க் கையை ஊன்றித் தள்ளினாள். கார் அசையவில்லை. சிரிப்பு நின்றது. மணப்பெண் தனியாகத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அல்சீதேயாலும் முடியவில்லை. தொப்பியைத் தூக்கி வண்டிக்குள் எறிந்தார்.

"தள்ளிக்கோ தாயி, நகரு. என் மருமகளா இருந்துட்டு... நான் தள்ளுறேன். எங்க தாத்தா மட்டும் இதைப் பாத்தாருன்னா கல்லறையைப் பேத்துட்டு வந்து என்னை உதைப்பாரு."

"ஏன் மாமா?"

"போப்போட ராஜ்ஜியத்தை நான் முதுகு கொடுத்து மலையேத்துறேன்ல!"

தில்லா நகரவில்லை. அவளும் அல்சீதேயும் நடுவில், காய்கறிக்காரி ஒரு பக்கம், பாதித்தலையன் ஒரு பக்கம், மறுபடி ஏறிக்கொண்ட ஓட்டுநர் உள்ளே சக்கரத்தைத் திருப்பியபடி. கார் நகர்ந்தது. எவாரிஸ்தோ உள்ளே, ஊர்வலத்தில் வரும் சுரூபம்போல் ஆடி ஆடி வந்தார். இருபது முழம் ஏறியிருக்கும். அல்சீதேயின் புதுச் செருப்பு வழுக்கியது. அவர் ஒரு முழங்காலில் விழ, பாரம் முழுவதும் தில்லாமேல் சாய, கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது.

"அப்பா!"

கதவு எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எவாரிஸ்தோ பின்னால் இருந்தார். முதுகைக் காரில் கொடுத்து, இரண்டு காலையும் தெருவில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு. ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் நின்றது.

அல்சீதே முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். சம்பந்தியின் காலைப் பார்த்தார். பளபளக்கும் கறுப்புச் செருப்பு இரண்டும் ரோமாபுரித் தெருவின் சதுரக் கருங்கல்லில் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

"யோவ் எவாரிஸ்தோ," என்றார் மெதுவாக. குரலில் கேலிகூட இல்லை. "எங்க நிக்கிற, தெரியுதா?"

எவாரிஸ்தோ குனிந்து பார்த்தார். மூச்சு வாங்கியது. ஒரு காலைத் தூக்கினார். வைக்க வேறு இடம் இல்லாமல் அங்கேயே வைத்தார். தில்லாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவளுடைய கையெல்லாம் கரி.

"இந்தக் கல்லுக்கு என்ன பேரு?" என்று கேட்டார் எவாரிஸ்தோ.

"எதுக்கு?"

"சொல்லுய்யா. ஊரெல்லாம் பதிச்சிருக்கே, இந்தச் சதுரக் கல்லு. என்ன பேரு?"

"சம்பியத்ரீனி."

"அப்படின்னா?"

அல்சீதே முழங்காலை மறுபடி தேய்க்கத் தொடங்கினார். காய்கறிக்காரிதான் சொன்னாள்: "புனித பேதுருவோட கல்லு."

"ஆங்!" எவாரிஸ்தோ நிமிர்ந்தார். கோட்டின் தூசியைத் தட்டினார். "நான் மிதிச்சிருக்கிறது பேதுருவோட கல்லு. இத்தாலி அதுக்கு அடியில எங்கேயோ இருக்கும். அது எனக்குத் தெரியாது."

அல்சீதே அவரையே உற்றுப் பார்த்தார். அப்புறம் தோளைக் குலுக்கி, தொண்டையைச் செருமி, முடியாமல், வெடித்துச் சிரித்தார். எவாரிஸ்தோவும் சிரித்தார். ஏழு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது.

மிச்ச ஏற்றத்தை இரண்டு சம்பந்திகளும் தோளோடு தோள் நின்று தள்ளினார்கள். வழியெல்லாம் 1870ஐப் பற்றிச் சண்டை போட்டார்கள். மூச்சு பத்தாததால் சின்னச் சின்ன வாக்கியங்களில். தில்லா காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். கோவில் வாசலில் நின்றிருந்த லிபெரோ, தன் மணப்பெண் கன்னத்தில் கரியோடு தெருவில் நடந்து வருவதையும், பின்னால் தன் அப்பா பாப்பரசரின் காரைத் தள்ளி வருவதையும் கண்டு, சிலுவை போட்டுக்கொண்டான். அவன் அப்பாவுக்குத் தெரியாமல் எங்கோ கற்றுக்கொண்டிருந்தான்.

பாதிரியார் கேட்டார். தில்லா சம்மதம் சொன்னாள். ஒன்றும் ஆகவில்லை. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. இடது கால் விரலில் கொப்புளம் வலித்தது. திரும்பிப் பார்த்தபோது அப்பா அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. அல்சீதே தம் கைக்குட்டையை நீட்டினார். அவர் வாங்கி மூக்கைச் சிந்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விருந்து மதுக்கடையில் நடந்தது. பொரித்த கூனைப்பூ, ஆட்டுக்குட்டி வறுவல், பிராஸ்காத்தி மது. போர்கோ முழுக்கப் பேதுருவின் கல்தான் பதித்திருக்கிறது என்பது எவாரிஸ்தோவுக்கு அதற்குள் தெளிவாகிவிட்டிருந்தது. ஆகவே அவர் எங்கும் போகலாம். மாலையில் அவர் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, "ஓ, இங்க ஒரு சலூன் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமும் அவர் சன்னலிலிருந்து அதன் கூரை தெரிந்திருக்கிறது.

வெளிச்சம் மங்குமுன் தில்லா அப்பாவையும் அம்மாவையும் புனித அன்னாள் வாசல் வரை கொண்டுவிடப் போனாள். காவலில் நின்றவன் உர்ஸ், காது சிவந்த சுவிட்சர்லாந்துப் பையன். அவனுக்கு இத்தாலி மொழியில் பாதி வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தது அவள்தான், அதில் சில கெட்ட வார்த்தைகள். எவாரிஸ்தோவுக்கும் பல்மீராவுக்கும் வணக்கம் வைத்து வழிவிட்டான். பேச்சு மும்முரத்தில் பின்னாலேயே நடந்த தில்லாவின் முன்னால் ஈட்டி மெதுவாக இறங்கியது.

"அம்மணி, யாரைப் பார்க்கணும்?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. காதுகள் இன்னும் சிவந்தன.

"டேய், என் பொண்ணுடா!" என்றார் எவாரிஸ்தோ உள்ளிருந்து.

"நேத்து வரைக்கும் சரி ஐயா," என்றான் உர்ஸ் பரிதாபமாக. "இன்னிக்குக் காலையிலேர்ந்து..." கைகளை விரித்தான்.

அம்மா வாயில் கைவைத்தாள். அப்பா ஏதோ சொல்ல வந்து, சட்டத்தை நினைத்துக்கொண்டவராய், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தில்லா வாசலுக்கு அப்பால் பார்த்தாள். மூன்றாவது மாடியில் அவளுடைய சன்னல். திறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். திரைச்சீலை வெளியே பறந்துகொண்டிருந்தது. கட்டிலில் அவளுடைய பெட்டி பாதி கட்டியபடி கிடந்தது.

"என் துணிமணியெல்லாம் உள்ள இருக்குடா உர்ஸ். நாளைக்கு வந்து எடுத்துக்கணும்."

"காலையில எட்டு மணிக்கு அனுமதிச் சீட்டு குடுப்பாங்க. என்ன விஷயமா உள்ள போறீங்கன்னு கேப்பாங்க."

"என்ன சொல்றது?"

உர்ஸ் யோசித்தான். நன்றாகவே யோசித்தான், அவனுக்கு அவள்மேல் பிரியம் உண்டு.

"உறவுக்காரங்களைப் பார்க்கன்னு சொல்லுங்க. விட்டுடுவாங்க."

"உறவுக்காரங்களைப் பார்க்க," என்று தில்லா ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அம்மா வாசலுக்கு வெளியே வந்து அவள் கன்னத்தில் மிச்சமிருந்த கரியைப் புடவை... இல்லை, சால்வை முனையால் துடைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். தெருமுனையில் லிபெரோ காத்துக்கொண்டிருந்தான். பேருந்து இல்லாததால் அவனிடம் மணி இல்லை. விரலை வாயில் வைத்து இரண்டு தரம் சீழ்க்கையடித்தான். கொப்புளத்துக்கு வலிக்காமல் காலைச் சாய்த்து வைத்து, அவள் அந்தப் பக்கம் நடந்தாள்.